‘நிறுத்து தம்பி’ என்று சொல்ல ஆன காலம்

போன திங்கட்கிழமை சாயங்காலம். கல்லூரியில் பாடம் எடுத்து முடித்துவிட்டு, தேனியில் ரோட்டோரக் கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

அம்மா.

அந்த நேரத்தில் அம்மா போன் செய்ய மாட்டாள். ஏலத்தோட்ட வேலை முடிந்து, கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஜீப்புக்குள் நெருக்கிப் பிடித்து உட்கார்ந்திருக்கும் நேரம் அது. அந்த நேரத்தில் அவள் நம்பர் திரையில் வந்தால், அவள் போனிலிருந்து வேறு யாரோ பேசப் போகிறார்கள் என்று அர்த்தம். ஒருமுறை அப்படி வந்திருக்கிறது.

எடுத்தேன்.

“ஏத்தா... ஜீப்ப விட்டு இறங்கிட்டோம்.”

“என்னம்மா ஆச்சு? யாருக்கு என்ன?”

“யாருக்கும் ஒன்னுமில்ல. நிறுத்து தம்பின்னு சொன்னேன். நிறுத்துனான். இறங்கிட்டோம். நடந்து வாரோம்.”

“எல்லாருமா?”

“பாதிப் பேரு. மத்தவுக ஜீப்புலயே போயிட்டாக.”

அம்மாவுக்குப் பின்னால் காற்று சீறும் சத்தம். யாரோ ஒரு பெண், “அக்கா, மேல பாக்காம கீழ பாத்து நடங்க” என்று கத்துவது கேட்டது. டவர் போய்விட்டது.

“என்ன பாப்பா, வேணுமா வேணாமா?” என்றார் தக்காளிக்காரர். பாவம், அவருக்கென்ன தெரியும்? கையில் ஒரு தக்காளியைப் பிடித்துக்கொண்டு நான் அழுதுகொண்டிருந்தேன்.

*

எங்கள் ஊர் அனுமந்தன்பட்டி. விடியும் முன்பே தெருமுனையில் ஜீப் வந்து நிற்கும். தூக்குவாளியும் பழைய சட்டையுமாகப் பெண்கள் ஏறுவார்கள். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டால்தான் ஏலச்செடிக்குள் புகுந்து வேலை செய்ய முடியும். மலை ஏறி, செக்போஸ்ட் தாண்டி, கேரளாவுக்குள் இருக்கும் தோட்டங்களில் களை எடுப்பு, காய் எடுப்பு. சாயங்காலம் அதே ஜீப்பில் இறக்கம். அம்மா செய்வது அந்த வேலைதான். எனக்குப் பல் விழுந்து முளைத்த காலத்திலிருந்து.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். இதை நான் எங்கே போனாலும் சொல்வேன். நான் பத்திரிகையில் எழுதும் இந்தப் பத்தியிலும் முன்பே பலமுறை சொல்லியாயிற்று. பெருமைதான்... ஏன் கூடாது? அந்தப் பெருமைக்கான டிக்கெட்டை வாங்கித் தந்தது அந்த ஜீப்.

அந்த ஜீப்புகளில் எத்தனை பேர் ஏற்றுவார்கள் என்று கேட்காதீர்கள். இடம் இருக்கும் வரை ஏற்றுவார்கள். இடம் தீர்ந்த பிறகும் ஏற்றுவார்கள். தலைக்கு இவ்வளவு என்று வாடகை. தலைதான் கணக்கு; அது உட்கார்ந்திருக்கிறதா, தொங்குகிறதா என்பது கணக்கில் வராது.

எங்கள் பக்கத்து ஜீப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. அடிவாரத்து முனியாண்டிக்குச் சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு மலை ஏறுவார்கள். கும்பிட்ட நிமிடத்திலிருந்து, சாயங்காலம் திரும்ப அடிவாரம் வந்து சேரும்வரை, ஜீப்புக்குள் சில வார்த்தைகளைப் பேசக்கூடாது. ‘விழுந்துரும்’ கூடாது. அது சரி. ‘பள்ளம்’ கூடாது. அதுவும் சரி. ‘பாத்துப் போ’, ‘மெதுவா’... இவையும் கூடாது! சொன்னால் நடந்துவிடுமாம். கெட்ட வார்த்தை பேசுகிற பெண்ணைக்கூட இந்த ஜீப் மன்னிக்கும். ‘மெதுவா’ என்கிற பெண்ணை மன்னிக்காது.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு மழைக்காலத்தில், அம்மாவும் செல்விச் சித்தியும் வந்த ஜீப் இறக்கத்தில் கவிழ்ந்தது. செல்விச் சித்தி அம்மாவின் ஒரே தங்கை. எனக்குத் தலை பின்னிவிட்டவள், என் காலேஜ் பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவெல்லாம் நடந்து காட்டியவள். அவள் அந்தப் பள்ளத்திலேயே போய்விட்டாள். ஓட்டியவரும் பிழைக்கவில்லை. அம்மாவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அன்றைக்குத்தான் அம்மாவின் போனிலிருந்து வேறொருவர் பேசினார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அம்மா ஒன்று சொன்னாள். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இன்று உங்களிடம் சொல்கிறேன்.

“பிரேக்கு கருகுன வாடை வந்துச்சுத்தா. எல்லாருக்கும் வந்துச்சு. ஒருத்தியும் வாயத் தொறக்கல. உஞ்சித்தி என் கையக் கிள்ளுனா. நான் அவ கையத் திருப்பிக் கிள்ளுனேன். அம்புட்டுத்தான் பேசுனோம்.”

அவ்வளவுதான். ஒரு ஜீப் நிறையப் பெண்கள். எல்லோருக்கும் மூக்கு இருந்தது. எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை யாருக்கும் வரவில்லை.

*

எலும்பு கூடியதும் அம்மா மறுபடியும் மலைக்குக் கிளம்பினாள். நான் குதித்தேன்.

“நான் சம்பாதிக்கிறேன்ல? போகாதம்மா.”

“ஒஞ்சம்பாத்தியம் ஒனக்கு. எனக்குக் கை காலு இருக்குல்ல? உக்காந்து திங்கிற வயசா எனக்கு?”

யாருடைய மகள் நான்? அந்தப் பெருமை எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத் தெரிந்தது. பேசிப் பயனில்லை.

சரி, படித்தவள் செய்வதைச் செய்வோம் என்று கலெக்டருக்கு மனு எழுதினேன். சோதனை நடந்தது. ஒரு வாரம் ஜீப்புகளில் ஆட்கள் குறைந்தார்கள். அடுத்த வாரம் கொஞ்சம் கூடினார்கள். அதற்கடுத்த வாரம் செக்போஸ்ட்டுக்கு முன்னால் பாதிப் பேரை இறக்கி, நடந்து தாண்டவைத்து, அந்தப் பக்கம் போய் ஏற்றிக்கொண்டார்கள். மலைக்குத்தான் வளைவுகள் என்று யார் சொன்னது? சட்டத்துக்கும் உண்டு.

இப்போது அம்மா போவது ராசு சித்தப்பா ஓட்டும் ஜீப்பில். முறைக்கு அம்மா அவருக்கு மதினி. கெட்ட மனிதர் இல்லை. சொல்லப்போனால் — சித்தி விழுந்த அன்று இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி, அவளைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தவர் அவர்தான். அப்படிப்பட்டவர் ஏன் வேகமாக ஓட்டுகிறார்? எங்களை இறக்கிவிட்டு அடுத்த லோடுக்குப் போக வேண்டும். ஜீப் அவருடையது இல்லை. முதலாளி இருக்கிறார். தாமதமானால் சித்தப்பா தலையில்தான் விழும். பள்ளத்தைப் பார்த்தவருக்கே இப்படி என்றால்...

ஒரு பொங்கல் லீவில் நானும் அந்த ஜீப்பில் போனேன். சாயங்கால இறக்கம். ஒரு வளைவில் முன்னால் போன லாரியை முந்தினார். நான் சும்மா இருப்பேனா? மைக் பிடித்துப் பேசுகிறவள் ஆயிற்றே!

“சித்தப்பா, வளைவில் ஓவர்டேக் பண்ணக்கூடாது. ஓவர்லோடு வேற. சட்டப்படி தப்பு.”

ராசு சித்தப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “டீச்சரம்மா சொல்லிட்டாகப்பா! ஏலே, எல்லாரும் கையக் கட்டி, வாயில வெரல் வச்சு உக்காருங்க!”

ஜீப்பே சிரித்தது. நிஜமாகச் சிரித்தார்கள். அம்மா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த வளைவை அவர் இன்னும் வேகமாக எடுத்தார்.

மறுநாள் நான் தேனிக்கு வந்துவிட்டேன். அம்மாவுக்கு அன்று உள்ளே இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பின்னால் படியோரம், ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி மலை ஏறினாளாம். முறிந்து கூடிய தோளின் கை.

அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. நான் பேசியதற்குப் பெயர் தைரியம் இல்லை. நான் ஒருநாள் சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். அம்மா நாளைக்கும் ஏற வேண்டும். நாளைக்கும் ஏற வேண்டியவள் சொல்வதற்குத்தான் எடை அதிகம். அதைச் சொல்வதற்கான பாடும் அதிகம்.

*

தன்னம்பிக்கை பற்றி ஊரெல்லாம் வியாபாரம் நடக்கிறது. தேனி சுவரெல்லாம் போஸ்டர். முப்பது நாளில் மேடைப் பேச்சு, பத்து நாளில் ஆளுமை. நானும் விடவில்லை. அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு ஒரு வீடியோ அனுப்பினேன். மலை உச்சியில் ஒருவன் இரண்டு கையையும் விரித்து நிற்கிறான். பின்னணியில் இசை. ‘உன்னால் முடியும்!’

அம்மா உடனே கூப்பிட்டாள். “யார்த்தா இவன்? இவன் எதுக்கு அங்கன போயி நிக்கிறான்? விழுந்துறப் போறான்.”

வீடியோ அனுப்புவதை நிறுத்தினேன்.

எனக்கு எப்படிப் பேச்சு வந்தது என்று யோசித்தேன். மதுரையில் காலேஜ் சேர்ந்தபோது, செமினார் நாளில் எழுந்து நின்றால் எனக்குக் காற்றுதான் வரும், வார்த்தை வராது. ஹாஸ்டல் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துப் பேசிப் பழகினேன். மூன்று வருடமும் பழகினேன். கடைசி வருடம்தான் தொட்டிக்குப் பதிலாக மனிதர்களைப் பார்க்க முடிந்தது. யாரும் எனக்குத் தைரியத்தை ஊட்டிவிடவில்லை. திக்கித் திக்கிப் பழக எனக்கு நேரம் கிடைத்தது. அவ்வளவுதான். ஆனால் நான் திக்கினால் மார்க்தான் போகும். அம்மா திக்கினால்...?

அப்படியானால் ஜீப்புக்கு வெளியே பழக வேண்டும். முனியாண்டிக்குச் சூடம் கொளுத்தாத இடத்தில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டேன். சாப்பாட்டுத் தட்டை ஸ்டீயரிங்காகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் அம்மாவை உட்காரச் சொன்னேன்.

“நான்தான் ராசு சித்தப்பா. வேகமாப் போறேன். சொல்லு, நிறுத்துன்னு.”

“போடி கிறுக்கி.”

“சொல்லும்மா.”

நான் தட்டைத் திருப்பினேன். உர்... உர்ரென்று சத்தம் கொடுத்தேன். அம்மா சேலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எதிர்வீட்டு முத்துப்பேச்சி அக்கா எட்டிப் பார்த்தாள். அவளும் அதே ஜீப்பில் போகிறவள்தான். “என்ன அத்த, ஓசி ஜீப்பா? எனக்கும் எடம் இருக்கா?” என்று அவளும் வந்து பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

“வளைவு வருது... பிரேக்கு கருகுற வாடை வருது... சொல்லும்மா!”

சிரிப்பு நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் உதடு அசைகிறது. சத்தம் இல்லை. அவளுடைய கை பக்கத்தில் இருந்த முத்துப்பேச்சியின் கையைக் கிள்ளிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குள்ளே, சொந்த மகளிடம், சோற்றுத் தட்டைப் பிடித்திருப்பவளிடம் அவளால் ‘நிறுத்து’ என்று சொல்ல முடியவில்லை. நான் தட்டைக் கீழே வைத்தேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

*

அடுத்த ஞாயிறு அம்மாவே ஸ்டூலை எடுத்துப் போட்டாள். “உக்காரு” என்றாள்.

அன்றைக்கு அவள் சொன்னது: “தம்பி... ஒரு டீயக் குடிச்சிட்டு ஓட்டேன்.”

அதற்கடுத்த ஞாயிறு: “தம்பி... லேசா...”

லேசா என்றால் என்ன, மெதுவாவா? “அது வேற, இது வேற” என்றாள் அம்மா. முனியாண்டியின் தடையில் ‘லேசா’ இல்லையாம்! பாருங்கள், சட்டத்தின் ஓட்டை அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது.

ஜீப்பில் எடுத்த எடுப்பில் பெரிய வார்த்தையைச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தோம். முதலில் பாட்டுச் சத்தம். “பாட்டக் கொறை தம்பி, தலை வலிக்குது.” இதைச் சொல்லவே மாசி முடிந்து பங்குனி ஆகிவிட்டது. சொன்ன அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே எனக்குப் போன். “கொறைச்சிட்டான்த்தா!” குரலைக் கேட்டால் ஜீப்பையே விலைக்கு வாங்கியவள் மாதிரி இருந்தது.

இரண்டாவதாக வந்ததை நான் யோசிக்கவில்லை. முத்துப்பேச்சி அக்காதான் யோசித்தாள். ஜீப்பில் போகும் பெண்கள் வழியில் சிறுநீர் கழிக்க நிறுத்தச் சொல்லவே மாட்டார்கள். கூச்சம். அடக்கிக்கொண்டே போய், அடக்கிக்கொண்டே வந்து, பாதிப் பேருக்கு அதனாலேயே வியாதி. முத்துப்பேச்சி ஒருநாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு சொல்லிவிட்டாள்: “அண்ணே, நிறுத்துங்க. ஒன்னுக்குப் போகணும்.”

ஜீப் நின்றது.

இறங்கியது முத்துப்பேச்சி மட்டும் இல்லை. மொத்த ஜீப்பும்!

ராசு சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டாராம். “என்னத்தா இது, இம்புட்டுப் பேருக்கும் ஒரே நாள்ல சுகர் வந்துருச்சா?”

சிரித்தார்கள். ஆனால் கவனியுங்கள் — ‘நிறுத்து’ என்ற வார்த்தை ஜீப்புக்குள் வந்துவிட்டது. அதைச் சொன்னால் ஜீப் நிற்கும் என்பதும் தெரிந்துவிட்டது. அதன்பிறகு வாரத்துக்கு ஒருத்தி சொன்னாள். வாந்திக்கு ஒருநாள், தூக்குவாளி உருண்டதற்கு ஒருநாள். மேடைப் பேச்சு வகுப்பில் இப்படி ஒரு பாடத்திட்டம் உண்டா?

இதெல்லாம் ஏணி மாதிரி மேலே மேலே போயிற்று என்று நினைத்துவிடாதீர்கள்.

போன வருடம் மழைக்காலத்தில் முத்துப்பேச்சி அக்கா தடை செய்யப்பட்ட வார்த்தையையே சொல்லிவிட்டாள். “மெதுவாப் போங்கண்ணே.” அன்று ராசு சித்தப்பாவுக்கு என்ன எரிச்சலோ... ஜீப்பை ஓரமாக நிறுத்தி, “மெதுவாப் போகணும்னா நடந்து வா” என்று அவளை மட்டும் இறக்கிவிட்டார். தூறல். பனிமூட்டம். ஜீப்பில் இருந்த யாரும் கூட இறங்கவில்லை. அம்மாவும் இறங்கவில்லை. இரண்டு வளைவு தள்ளி ஜீப் நின்றது. நனைந்தபடி ஓடி வந்து ஏறினாள் முத்துப்பேச்சி. போதாததற்குப் பக்கத்தில் இருந்தவள், “ஒன் வாயி சும்மா இருக்காதா? முனிக்கு ஆகாத வார்த்தையச் சொல்லலாமாடி?” என்று அவளையே ஏசியிருக்கிறாள்.

அதோடு முத்துப்பேச்சி பேச்சை நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஸ்டூல் போட்டால் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒன்றுக்குக்கூட நிறுத்தச் சொல்வதில்லை. மறுபடியும் அடக்கிக்கொண்டாள்.

பழகி வந்தது ஒரே நாளில் போய்விடும். வருவதற்குத்தான் வருடக்கணக்கு... போவதற்கு இரண்டு வளைவு போதும்.

அம்மா மட்டும் விடாமல் உட்கார்ந்தாள். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். அவள் பின்னால் இருந்து சொல்லுவாள். பிறகு நான் வராத நாளிலும் அடுப்படியில் தனியாகச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தாள். “நிறுத்து தம்பி.” குழம்பைக் கிண்டிக்கொண்டே. “நிறுத்து தம்பி.” அப்பாதான் பயந்துபோனார். “ஒங்கம்மா அடுப்புகிட்டப் பேசுறா. குறி பாக்கக் கோடாங்கிகிட்டக் கூட்டிட்டுப் போகவா?” என்று எனக்கு ரகசியமாகப் போன் செய்தார்.

*

திங்கட்கிழமை நடந்தது இதுதான்.

செக்போஸ்ட் தாண்டி இறக்கம் ஆரம்பித்து, கொஞ்ச தூரத்தில் வாடை வந்திருக்கிறது. கருகிய வாடை. ஜீப்பில் பேச்சு அடங்கியது. பாட்டு மட்டும் ஓடியது. இருட்டு இன்னும் கவியவில்லை. கம்பம் ஊர் கீழே சின்னதாகத் தெரிந்ததாம்.

“தம்பி, வாடை வருது” என்றாள் அம்மா.

“லாரி வாடை மதினி. முன்னாடி போகுதுல்ல.”

முன்னால் லாரி போனது உண்மை. அது லாரியின் வாடையாகக்கூட இருந்திருக்கலாம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வளைவு போயிற்று. வாடை போகவில்லை.

“நிறுத்து தம்பி.”

“ஒன்னுக்கா மதினி? அடிவாரம் போயிறலாம்.”

“ஒன்னுக்கு இல்ல. பயமா இருக்கு. நிறுத்து.”

ஜீப்புக்குள் யாரோ ‘அய்யோ’ என்றார்களாம். பயம் என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டாளே என்று. ராசு சித்தப்பா நிறுத்தினார். பின்னால் திரும்பி, “இறங்குனா ஏத்த மாட்டேன். இன்னைக்கு மட்டுமில்ல” என்றார்.

அம்மா தூக்குவாளியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். தோள் வலிக்க, கம்பியைப் பிடித்து, மெதுவாக. அவளுக்குப் பின்னால் ஒருத்தி இறங்கினாள். இன்னொருத்தி. பாதி ஜீப் இறங்கியது.

முத்துப்பேச்சி இறங்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் அப்படியே உட்கார்ந்திருந்தாளாம்.

ஜீப் கிளம்பிப் போய்விட்டது. அந்த வளைவில் நின்றுதான் அம்மா எனக்குப் போன் செய்தாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பஸ் வந்தால் ஒதுங்கி, லாரி வந்தால் ஒதுங்கி, அத்தனை வளைவும் நடந்தே இறங்கினார்கள். நான் தேனியிலிருந்து பஸ் பிடித்து ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மா வெந்நீரில் காலை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

“ஜீப்பு?” என்றேன்.

“எப்பவோ வந்துருச்சு.”

“பேச்சி அக்கா?”

“எங்களுக்கு முன்னாடியே வந்து, சோறாக்கித் தின்னுட்டா.”

ஆமாம். ஜீப் விழவில்லை. ஒன்றுமே ஆகவில்லை. ராசு சித்தப்பா டீக்கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார்: “மதினிக்குக் காத்துக் கருப்பு அடிச்சிருச்சுப்பா. மக படிச்சு படிச்சு அம்மாவுக்கு மூளை கொழம்பிருச்சு.”

செவ்வாய்க்கிழமை தெருமுனையில் ஜீப் நின்றது. அம்மாவைப் பார்த்ததும் கிளம்பிவிட்டது. புதன்கிழமையும். நடந்து இறங்கிய பெண்களுக்கு வேலை போயிற்று; அவர்களின் கோபம் அம்மா மேல் திரும்பியது. “ஒன் பேச்சக் கேட்டு இறங்குனதுக்கு வீட்டுல ஏச்சு வாங்குறேன். ஒன்னும் ஆகலையே அக்கா!” என்று வாசலில் நின்று ஒருத்தி கேட்டுவிட்டுப் போனாள்.

ஒன்னும் ஆகலையே!

ஜீப் விழுந்தால் பேப்பரில் வரும். போட்டோ வரும். பெயர் வரும், வயது வரும். விழாத திங்கட்கிழமைக்கு எந்தப் பேப்பரில் இடம்? செல்விச் சித்தி அன்றைக்கு ‘நிறுத்து’ என்று சொல்லி, எல்லோரும் இறங்கி, அந்த ஜீப்பும் விழாமல் போயிருந்தால், அவளையும் இப்படித்தான் வாசலில் நிற்கவைத்துக் கேட்டிருப்பார்கள். கேட்டிருக்கட்டுமே. பதில் சொல்ல அவள் இருந்திருப்பாள்.

“நீ செஞ்சது சரின்னு எப்படிம்மா தெரியும்?” என்று நானே கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

“தெரியாது. தெரிஞ்சப்பறம் சொல்லணும்னா, உஞ்சித்தியும் சொல்லிருப்பா.”

நான் எத்தனையோ மேடைகளில் தன்னம்பிக்கை என்றால் ‘நான் சரி’ என்ற உறுதி என்று பேசியிருக்கிறேன். கைதட்டும் வாங்கியிருக்கிறேன். அந்தக் கைதட்டையெல்லாம் இப்போது திருப்பிக் கொடுத்துவிடலாம் போலிருக்கிறது. தப்பாகக்கூட இருக்கலாம், ஊர் சிரிக்கும், நாளைக்கு வேலை இருக்காது... இவ்வளவும் தெரிந்த பிறகும் நாக்கு எழும்புகிறதே, அதற்கு என்ன பெயர்? எனக்குத் தெரியவில்லை. அது ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வராது என்று மட்டும் தெரியும்.

*

வியாழக்கிழமை ஜீப் நின்றது. கிளம்பவில்லை. மனம் திருந்தி வந்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். நிஜம் வேறு. காய் எடுப்பு சீசன். தோட்டத்தில் ஆள் போதவில்லை. ஆள் குறைந்தால் ராசு சித்தப்பாவுக்கும் வாடகை குறையும்.

“ஏறுங்க மதினி” என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டு.

அம்மா ஏறவில்லை. “பிரேக்கு பாத்தியா தம்பி?”

“பாத்தாச்சு.”

“மெக்கானிக்கு என்ன சொன்னாரு?”

அவர் பாட்டை வைத்தார். சத்தமாக.

“பாட்டக் கொறை தம்பி.”

குறைத்தார். அம்மா ஏறினாள். மெக்கானிக் என்ன சொன்னார் என்பது இதுவரை எங்களுக்குத் தெரியாது.

அன்று சாயங்கால இறக்கத்தில் முத்துப்பேச்சி அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். திங்கட்கிழமைக்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அதே வளைவு வந்தபோது அம்மாவின் கையை முத்துப்பேச்சி கிள்ளியிருக்கிறாள்.

அம்மா திருப்பிக் கிள்ளவில்லை. கையை விலக்கிக்கொண்டு, ஜீப்புக்கே கேட்கும்படி, “எதுக்குடி கிள்ளுற? வாயத் தொறந்து சொல்லு” என்றாளாம்.

நான் போனில் அவசரமாகக் கேட்டேன். “சொன்னாளா?”

“இல்ல” என்றாள் அம்மா. “நாளைக்கும் கேப்பேன்.”